எம்ஜிபி: செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் வரவில்லை

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. 1798 சிசி எஞ்சின், ஒரு காயில், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், நாலு பிளக். பெரும்பாலான வண்டிகளில் இக்னிஷன் என்றால் இவ்வளவுதான். காயில் 12 வோல்டை ஆயிரக்கணக்கான வோல்டாக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச், கண்டென்சர் அந்த பாயிண்டில் பொறி பறக்காமல் காப்பது, ரோட்டரும் கேப்பும் ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடுபவை. அம்பாசடரில் வந்த 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம் என்பதால், அம்பாசடரில் பாயிண்ட் தேய்த்துப் பழகியவர்களுக்கு இந்த வண்டியின் பானட்டுக்கு அடியில் எதுவும் புதிதாக இருக்காது.

இருந்தும் ஸ்பார்க் வரவில்லை என்றவுடன் பலர் செய்வது ஒன்றே: காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், கேப் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். கோளாறு எங்கே இருந்தது என்பது கடைசிவரை தெரியாமல் போகும். அதைவிட மோசம், இன்று கடையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்களின் தரம் ஒரே சீராக இல்லை. நன்றாக இருந்த பழைய கண்டென்சரைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து எடுக்கும்போதே செத்துப்போன புதியதை மாட்டியிருப்பீர்கள். மின் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவது பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களின் பழைய பொழுதுபோக்கு. ஆனால் 40 வருஷம் ஓடிய லூகாஸ் பாகத்தைவிடப் போன மாதம் மாட்டியதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நேற்றுவரை ஓடிய வண்டி இன்று நின்றால், நடுவில் எதில் கை வைத்தீர்கள் என்று யோசியுங்கள். பாதி நேரம் பதில் அங்கேயே இருக்கும்.

தேவையான கருவிகள் குறைவு. ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒயர் ஒன்று, ஃபீலர் கேஜ், ரப்பர் கைப்பிடியுள்ள பிளையர். மீட்டரைவிட டெஸ்ட் லாம்ப் இந்த வேலைக்கு நல்லது என்பது என் கருத்து. துருப்பிடித்த கனெக்டர் வழியாகக்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும்; பல்புக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும், அதனால் அவ்வளவு சுலபமாக ஏமாறாது.

இரண்டு எச்சரிக்கைகள். காயிலிலிருந்து வருவது ஆயிரக்கணக்கான வோல்ட்; ஹெச்.டி. (ஹை டென்ஷன், அதாவது உயர் வோல்டேஜ்) ஒயரை வெறும் கையால் பிடிக்காதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை எந்தச் சோதனையும் வேண்டாம். அடுத்து, எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வெகுநேரம் விடக்கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் கொதித்துப் போகும்.

1967 வரை வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அந்த வண்டியில் மீட்டரின் இரண்டு முனைகளையும் மாற்றிப் பிடியுங்கள். டெஸ்ட் லாம்புக்கு இந்தக் கவலை இல்லை.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

இப்படி இருந்தால் இக்னிஷனைத் தொடவே வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால், காயிலுக்குப் போதிய கரண்ட் மிச்சம் இருக்காது. பழைய எம்ஜிபியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் தனித்தனித் தொட்டிகளில் இருக்கும். கண்ணில் படாத இடம் என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும்.

இன்னொரு இடம் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் ஸ்டிராப். கிளட்ச் வேலை முடிந்து எஞ்சினைத் திரும்ப இறக்கியவர்கள் இதை மாட்ட மறப்பது சகஜம். அப்போது செல்ஃபின் கரண்ட் முழுக்க ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாக எர்த் தேடிப் போகும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால் ஸ்டிராப்பைப் பாருங்கள்.

எந்தப் பக்கம் கோளாறு?

செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. இப்போது செய்யவேண்டியது ஒரே ஒரு சோதனை. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் செருகியிருக்கும் ஹெச்.டி. ஒயரை, அதாவது காயிலிலிருந்து வரும் ஒயரை, உருவுங்கள். பிளையரால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலிருந்து 6 மி.மீ. தூரத்தில் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும்.

படபடவென்று சத்தத்தோடு நீல ஸ்பார்க் தாண்டினால் காயில், பாயிண்ட், கண்டென்சர், சாவி, ஒயரிங் எல்லாம் அந்த நிமிஷத்தில் நன்றாக வேலை செய்கின்றன. கோளாறு கேப்பிலிருந்து பிளக் வரையுள்ள பகுதியில். ஸ்பார்க் இல்லை என்றால் கோளாறு காயிலிலோ அதற்கு முன்னாலோ. மஞ்சளாக, நூல் மாதிரி, சத்தமில்லாமல் வந்தால் அதையும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்டென்சரையும் காயிலையும் அது காட்டிக்கொடுக்கிறது.

துணைக்கு ஆள் இல்லையா? கேப்பைக் கழற்றி, வண்டியை நாலாவது கியரில் போட்டு மெதுவாகத் தள்ளி, பாயிண்ட் மூடும் இடத்தில் நிறுத்துங்கள். கியரைத் திரும்ப நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியை ஆன் செய்து, பிளாஸ்டிக் குச்சியால் பாயிண்டின் அசையும் கையைத் தட்டித் திறங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயில் ஒயரில் ஸ்பார்க் வரவேண்டும்.

காயில் ஒயரில் ஸ்பார்க் உண்டு, பிளக்கில் இல்லை

கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு செல்ஃப் அடித்து, ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் அமைப்போ டைமிங் செயினோ போயிருக்கிறது, இந்த வழிமுறை அதற்கு உதவாது.

ரோட்டர் சுற்றினால், அந்த ரோட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாற்றுச் சந்தையில் வரும் கறுப்பு ரோட்டர்கள் பலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். அதற்கும் கீழேயுள்ள இரும்புத் தண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் மெல்லியதாகத்தான் மிச்சம் இருக்கும். ஒருநாள் அது துளைபட்டுவிடும். ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் தண்டு வழியாக எர்த்துக்கு இறங்கும். பார்வைக்கு ரோட்டர் புதுசு மாதிரியே இருப்பதால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சோதிக்கும் முறை இது: ரோட்டரை அதன் இடத்திலேயே வைத்து, காயில் ஒயரின் முனையைப் பித்தளைத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே பிடித்து, முன்பு சொன்ன மாதிரி பாயிண்டைத் தட்டித் திறங்கள். நல்ல ரோட்டராக இருந்தால் ஸ்பார்க் அதன்மேல் பாய வழி கிடையாது. தடிமனான ஸ்பார்க் பாய்ந்தால் ரோட்டர் ஒழுகுகிறது. ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு ரோட்டர்கள் இதற்காகவே வந்தவை. எந்த எம்ஜிபியிலும் நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

அடுத்து கேப். உள்ளே நடுவிலுள்ள கரித்துண்டு ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா? ஒடிந்து விழுந்திருக்கிறதா? ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சிலால் கிறுக்கிய மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் கேப் போய்விட்டது, சுரண்டிப் பயனில்லை. வெறும் ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவைத்தாலே போதும்.

ஒயர் பக்கவாட்டில் நுழையும் பழைய கேப்பில், உள்ளிருந்து திருகும் சிறு கூர் ஸ்குரூ ஒயரின் நடுவைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். செப்புக் கம்பி ஒயருக்குச் செய்த ஏற்பாடு அது. அதில் கார்பன் நூல் வைத்த நவீன ஒயரைச் செருகினால் ஸ்குரூ பல சமயம் நூலைத் தொடாமல் பக்கத்தில் போய்விடும். ஒன்றிரண்டு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் இல்லை என்றால் இதைப் பாருங்கள்.

நாலு பிளக்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். ஆனால் வெகுநேரம் செல்ஃப் அடித்ததால் பெட்ரோலில் நனைந்திருக்கலாம். கழற்றித் துடைத்து, இடைவெளியை 0.64 மி.மீ.-க்கு வைத்து மாட்டுங்கள்.

காயில் ஒயரிலேயே ஸ்பார்க் இல்லை

நேரம் அதிகம் செலவாவது இங்கேதான். ஆனால் படிப்படியாகப் போனால் ஐந்தாறு கேள்விகளில் முடிந்துவிடும்.

காயிலில் இரண்டு சிறு முனைகள் இருக்கும். வெள்ளை ஒயர் வரும் முனையில் சாவியிலிருந்து கரண்ட் நுழைகிறது. வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் இன்னொரு முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. பழைய காயிலில் இவற்றுக்கு எஸ்.டபிள்யூ., சி.பி. என்றும் பின்னால் வந்ததில் பிளஸ், மைனஸ் என்றும் குறி இருக்கும். இங்கே நுழைமுனை, பாயிண்ட் முனை என்று சொல்கிறேன்.

சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை காயிலின் நுழைமுனையிலும் வையுங்கள். எரியவில்லையா? அப்படியென்றால் காயிலுக்குச் சாப்பாடே வரவில்லை. இந்த இடத்தில் எம்ஜிபி ஒரு நல்ல துப்பு தருகிறது: பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்பும் இதே வெள்ளைச் சுற்றில், ஃபியூஸ் இல்லாமல் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து அந்த எஸ்.யூ. கம்பெனி பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்தால் சாவி ஸ்விட்சும் அதுவரை வரும் பழுப்பு ஒயரும் நன்றாக இருக்கின்றன. பம்பும் மௌனம், சிவப்பு இக்னிஷன் விளக்கும் இல்லை என்றால் ஸ்விட்சையும் பழுப்பு ஒயரையும் தேடுங்கள். இண்டிகேட்டர், வைப்பர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது பச்சை ஒயர்ச் சுற்றின் ஃபியூஸ்; ஸ்பார்க்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பம்ப் அடிக்கிறது, காயிலுக்கு மட்டும் கரண்ட் இல்லை. அப்போது டேக்கோமீட்டரை, அதாவது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டரை, பாருங்கள். 1964 அக்டோபர் முதல் 1972 வரையிலான வண்டிகளில், காயிலுக்குப் போகும் கரண்ட் முழுக்க டேக்கோமீட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. அதன் பின்னாலுள்ள புல்லட் கனெக்டர் ஒன்று லூசானால் எஞ்சின் அப்படியே நிற்கும். டேஷ்போர்டுக்குக் கீழே ரேடியோ மாட்டியபின் வண்டி நின்றது என்று யாராவது சொன்னால் நான் நேராக அங்கேதான் கை வைப்பேன்.

உறுதிப்படுத்த ஒரு குறுக்குவழி உண்டு. செல்ஃப் சொலினாய்டில் (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் ஸ்விட்ச்) பழுப்பு ஒயர் வரும் முனையிலிருந்து காயிலின் நுழைமுனைக்குக் கிளிப் ஒயரால் நேராகக் கரண்ட் கொடுங்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் கோளாறு வரும் வழியில்தான். ஆனால் இப்போது சாவியை மூடினாலும் எஞ்சின் அணையாது, கிளிப்பைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டும்.

நுழைமுனையில் விளக்கு பளிச்சென்று எரிகிறதா? சரி, லாம்பை பாயிண்ட் முனைக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். லாம்ப் மினுக்கி மினுக்கி எரிய வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும்.

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் எர்த்தைத் தொடவே இல்லை. இடைவெளி மிகவும் அதிகமாக இருக்கலாம். பாயிண்ட் முகத்தில் எண்ணெயோ, ஆறு மாதம் சும்மா நின்றதால் படிந்த படலமோ இருக்கலாம். புது பாயிண்டாக இருந்தால் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பிய மெழுகு துடைக்கப்படாமல் இருக்கலாம். நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் விட்டு இழுங்கள். அட்டை சுத்தமாக வரும்வரை இழுக்க வேண்டும். அப்படியும் மாற்றமில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு ஒயர்களைப் பாருங்கள். ஒன்று வெளியிலிருந்து பாயிண்டுக்கு வருவது, மற்றது பாயிண்ட் தட்டை எர்த் செய்வது. எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வேக்கம் அட்வான்ஸ் அந்தத் தட்டைத் தினமும் ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஆட்டுவதால் இந்த ஒயர்கள் ஆடி ஆடி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செப்பு இழை அறுந்துபோகும். லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே ஒன்றும் இல்லை.

விளக்கு எரியவே இல்லை என்றால் மறுபக்கம் யோசிக்க வேண்டும். பாயிண்ட் முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, லாம்பை அந்த முனையில் திரும்பப் பிடியுங்கள். இப்போதும் எரியவில்லை என்றால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது, காயிலை மாற்றலாம். எரிந்தால் காயில் நிரபராதி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ நிரந்தரமாக ஷார்ட். சுழலும் கேம் தள்ளித் திறக்கும் பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளியே இல்லாமல் போயிருக்கலாம். கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம்; அதன் ஒயரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாயிண்ட் மாற்றிய கையோடு வந்த ஷார்ட் என்றால் பெரும்பாலும் மாட்டிய வரிசைதான் தப்பு. பழைய 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலிலிருந்து வரும் ஒயரின் கண், கண்டென்சர் ஒயரின் கண் இரண்டும் பிளாஸ்டிக் புஷ்ஷின் மேல் உட்கார்ந்து பாயிண்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். நடுவிலுள்ள இரும்பு ஸ்டட்டையோ கீழேயுள்ள தட்டையோ எதுவும் தொடக்கூடாது. புஷ்ஷைத் தலைகீழாகப் போட்டாலோ கண்ணை அதற்கு அடியில் போட்டாலோ ஸ்பார்க் செத்தது. கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது நிலை: விளக்கு ஒழுங்காக மினுக்குகிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை. மிச்சம் இருப்பவை மூன்றுதான்: கண்டென்சர், காயிலின் உயர் வோல்டேஜ் சுற்று, காயிலிலிருந்து கேப்புக்கு வரும் ஒயர். ஒயரை மீட்டரில் பார்த்துவிடலாம். பாயிண்ட் திறக்கும்போது அதன் முகத்திலேயே வெள்ளையாகப் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. அதை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைக் கிளற வேண்டியதில்லை. பழைய கண்டென்சரின் ஒயரை விலக்கிவிட்டு, வேறு எந்த பாயிண்ட் வண்டியின் கண்டென்சரையாவது பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கிளிப் போட்டுப் பாருங்கள். அப்படியே வீடு வரைகூடப் போகலாம். கடைசியாகக் காயில். இரண்டு சிறு முனைகளுக்கு நடுவில் சாதாரணக் காயிலில் சுமார் 3 ஓம் இருக்கும். சிறு முனைக்கும் நடுத்துளைக்கும் நடுவில் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் முடிந்தது.

செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது

1974-க்குப் பிறகு வந்த ரப்பர் பம்பர் வண்டிகளின் வியாதி இது. அவற்றில் காயில் சுமார் 1.5 ஓம்தான்; ஓடும்போது ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாகக் குறைந்த வோல்டேஜும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் சொலினாய்டிலிருந்து முழு 12 வோல்டும் கிடைக்கும். சாவியை விட்டதும் அணைந்தால் ரெசிஸ்டன்ஸ் வழி அறுந்திருக்கிறது. அதைப் பெட்டி மாதிரி எங்கும் தேடாதீர்கள், ஒயர்க் கட்டுக்குள்ளேயே ஓடும் ஒரு நீள ஒயர்தான் அது. இதற்கு நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்வரை பேசாமல் இருந்து சாவியை விடும் நொடியில் எஞ்சின் உதைத்தால், சொலினாய்டிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளை-இளம்பச்சை ஒயரையும் பேட்டரியையும் பாருங்கள்.

இந்த வண்டியில் 3 ஓம் காயிலை மாட்டினால் ஸ்பார்க் நோஞ்சானாக இருக்கும். பழைய வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். மீட்டரில் அளக்காமல் காயில் வாங்காதீர்கள்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

காயில், கண்டென்சர் இரண்டுமே இப்படி நடந்துகொள்ளும். நின்ற உடனே, எஞ்சின் ஆறுவதற்குள், காயில் ஒயர் சோதனையைச் செய்துவிடுங்கள். வீட்டில் ஆறிய வண்டியில் செய்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். ஸ்பார்க் நன்றாக இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் போங்கள்.

ஓடும்போது விட்டுவிட்டு வெட்டுகிறது

எலக்ட்ரிக் டேக்கோமீட்டர் உள்ள வண்டியில் அதுதான் சிறந்த கருவி. வெட்டும் நேரத்தில் வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்க, முள் மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கோளாறு 12 வோல்ட் பக்கம்: சாவி ஸ்விட்ச், கனெக்டர், பாயிண்ட், அந்தச் சிறு ஒயர்கள். முள் எஞ்சினின் வேகத்தோடு நிதானமாக இறங்கினால் ரோட்டர், கேப் அல்லது பெட்ரோல். சாவிக்கொத்து கனமாகத் தொங்கினால் சாவியை ஆட்டிப் பாருங்கள்.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் இருந்தால்

கேப்புக்கு அடியில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயரோடு ஒரு சிறு மாட்யூல் இருக்கும். நுழைமுனைச் சோதனை அப்படியே பொருந்தும், பாயிண்டைத் தட்டிப் பார்க்கும் வழி கிடையாது. ரப்பர் பம்பர் வண்டியில் சிவப்பு ஒயரை ரெசிஸ்டன்ஸுக்குப் பின்னால் இணைத்திருந்தால் மாட்யூலுக்கு வோல்டேஜ் போதாது. அதைச் சாவியின் முழு 12 வோல்டுக்கு மாற்றுங்கள். தட்டின் எர்த் ஒயர் இதற்கும் அவசியம். பாயிண்டுக்கு வயதாவது முன்கூட்டியே தெரியும், மாட்யூல் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

ஸ்பார்க் வந்த பிறகு

பாயிண்ட் குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேமில் துளி கிரீஸ், ரோட்டருக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். பிளக் ஒயர்களைக் கழற்றியிருந்தால் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) அட்வான்ஸ் ஆகும், குறைத்தால் பின்தங்கும். எனவே பாயிண்டைத் தொட்டவர்கள் டைமிங்கையும் பார்த்தே ஆகவேண்டும். அறுபதுகளின் எம்ஜிபிக்கு, எஞ்சின் நின்ற நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்பு. பின்னால் வந்த எஞ்சின்களுக்கு எஞ்சின் எண்ணைப் பார்த்து அந்த வண்டியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள்.